மிதித்தும் இழுக்காத கார்: 'பிக்கப் இல்லை' என்ற புகாருக்குள் என்ன இருக்கிறது?

"வண்டி ஸ்டார்ட் ஆகுது, நின்னா நல்லாத்தான் நிக்குது. மிதிச்சா மட்டும் இழுக்க மாட்டேங்குது." சிங்கப்பூரில் சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் உள்ள பட்டறைகளுக்குப் பழகிப்போன புகார் இது. தீவு விரைவுச்சாலையில் சேரும் கிளைச்சாலையில் பெடலை அழுத்துகிறோம். இன்ஜின் முனகுகிறது, முள் 60ஐத் தாண்டத் தயங்குகிறது, கண்ணாடியில் லாரி பெரிதாகிக்கொண்டே வருகிறது. அதே கார் பட்டறைக்குள் நுழைந்ததும் சமர்த்துப் பிள்ளையாகிவிடும். மெக்கானிக் போனட்டைத் திறந்து காது கொடுத்துப் பார்ப்பார், குறை எதுவும் தெரியாது. "பிளக்கை மாத்திப் பார்ப்போம்" என்பார். அடுத்த வாரம் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், அதற்கடுத்த வாரம் ஃபியூயல் பம்ப். மூன்று பில் கட்டிய பிறகும் லாரி கண்ணாடியில்தான் இருக்கும்.

யாரும் ஏமாற்றாமலேயே இப்படி நடப்பதுண்டு. நிற்கும் இன்ஜினிடம் கேட்கிற கேள்விக்கு இழுக்கும் இன்ஜினின் பதில் கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

3 கிராமும் 80 கிராமும்

பெட்ரோல் இன்ஜினுக்கு ஐந்து விஷயங்கள் வேண்டும்: காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் கசியாத அழுத்தம், எரிந்த புகை வெளியே போக வழி. பெட்ரோல் மிச்சமின்றி எரிய, 1 கிராமுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று தேவை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி) இல்லாத 1.6 லிட்டர் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், அது நிமிடத்துக்கு 4,800 லிட்டர், அதாவது நொடிக்கு 80 லிட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம். வழியில் ஏற்படும் தடைகளைக் கழித்தால் நொடிக்கு ஏறத்தாழ 80 கிராம் காற்று சிலிண்டருக்குள் போகும். அதே இன்ஜின் சிக்னலில் நிற்கும்போது இழுப்பது 2 முதல் 3 கிராம்தான். பெட்ரோலும் அப்படியே: ஐட்லிங்கில் நொடிக்கு 0.2 கிராம் போதும், முழுசாக மிதித்தால் 6 கிராம் வேண்டும். ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசம்.

தேக்காவில் டீ ஆற்றுபவருக்கு ஒரு கை சுளுக்கிக்கொண்டால் செவ்வாய்க்கிழமை காலையில் யாருக்கும் தெரியாது. ஞாயிறு மாலைக் கூட்டத்தில் தெரிந்துவிடும். பாதி அடைத்த ஏர் ஃபில்டரும் பாதி பலம் போன பம்பும் அப்படித்தான். 3 கிராம் காற்றுக்கும் 0.2 கிராம் பெட்ரோலுக்கும் அவை தாராளமாகப் போதும்.

தீப்பொறிக்கும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று நெருக்கி அடைக்கப்படுகிறது. நெருக்கமான காற்றுக்குள் மின்சாரம் தாவுவது கடினம். ஐட்லிங்கில் 10,000 வோல்ட் அளவில் பாயும் பொறிக்கு, பாரம் ஏறும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படலாம். நுனி தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்கும், உள்ளே விரிசல் விட்ட காயிலும் அந்த இடத்தில்தான் காலை வாரும்.

'பிக்கப் இல்லை' என்பது ஒரே புகாரல்ல

எப்படி இழுக்கவில்லை என்று பிரித்துச் சொன்னாலே தேடும் இடம் பாதியாகிவிடும்.

1. ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. இன்ஜின் சக்தியைத் தருகிறது, அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தேட வேண்டிய இடம் கியர்பாக்ஸ். சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கி கியர்பாக்ஸ்) கார்களில் ஓர் எச்சரிக்கை உண்டு: ஆர்பிஎம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவது அவற்றின் இயல்பு. முன்பு இல்லாத அளவுக்கு இடைவெளி கூடியிருக்கிறதா, கூடவே நடுக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கியர்பாக்ஸ் ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் பல சிவிடி கார்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே சக்தியைக் குறைத்துவிடும்.

2. வெட்டி வெட்டிக் குலுங்குகிறது. 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பது இதைத்தான். ஏதோ ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் போகிறது. முதல் சந்தேகம் பிளக், காயில், பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். அப்போது செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் பெடலிலிருந்து காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். அதன் விளைவு கீழே வருகிறது.

3. குலுங்கவில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சு முட்டுகிறது. 3,000 ஆர்பிஎம் வரை ஒழுங்காகப் போய், அதற்குமேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போன்ற உணர்வு. பெட்ரோல் போதவில்லை, காற்று போதவில்லை, அல்லது புகை வெளியேற வழியில்லை. கண்டுபிடிக்கக் கடினமானது இந்த வகைதான்.

4. ஒரே அடியாகச் சக்தி போகிறது, விளக்கு எரிகிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிதானமாகவே போகிறது. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரி. இது பாதுகாப்பு முறை, ஆங்கிலத்தில் 'லிம்ப் மோடு'. உதாரணமாக, ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால், எதை நம்புவது என்று தெரியாமல் கணினி வேகத்தைக் கட்டிப்போடும். நம்மைக் காப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு.

பழுதே இல்லாத ஐந்தாவது வகையும் உண்டு. மத்திய விரைவுச்சாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தபின் இன்ஜின் உள்ளிழுக்கும் காற்று 60 டிகிரியைத் தொடலாம். 30 டிகிரிக் காற்றைவிட அது சுமார் 9 விழுக்காடு இலேசானது. சக்தியும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். ஏசி கம்ப்ரசரும் தன் பங்குக்குச் சில குதிரைசக்தியை எடுத்துக்கொள்ளும். கார் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதென்றால் அது பழுதுதான்: பிரேக் விடுபடவில்லை. அதையும் பார்த்துவிட வேண்டும்.

கோட் தீர்ப்பு அல்ல

ஸ்டியரிங்கின் கீழே உள்ள ஓபிடி முனையில் (காரின் கணினியோடு பேசும் இணைப்பு) ஸ்கேனரைச் செருகினால் கோட், அதாவது பழுது எண், வரும். பி0171 என்று வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அந்தக் கோட் சொல்வது 'கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்பதை மட்டும்தான். ஆக்சிஜன் சென்சார் செய்தி சொன்ன தபால்காரர். தபால்காரரை மாற்றினால் கடிதம் மாறாது.

கோட் எண்ணைவிடப் பயனுள்ளவை ஓடும்போது ஸ்கேனர் காட்டும் எண்கள். போனோடு இணையும் சிறிய புளூடூத் ஸ்கேனரே இதற்குப் போதும். பார்க்க வேண்டியவை மூன்று.

1. எரிபொருள் திருத்தம். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து, கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளும் அளவு இது. பூஜ்யத்துக்கு இருபுறமும் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் நலம். 10ஐத் தாண்டினால் கணினி எதையோ ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. ஐட்லிங்கில் அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால், எங்கோ ஒரு வேக்குவம் குழாயில் ஓட்டை: கசியும் காற்று 3 கிராமுக்கு முன் பெரிது, 80 கிராமுக்கு முன் சிறிது. பாரம் ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் கதை வேறு.

2. காற்றளவு. ஏர் ஃபில்டருக்கு அடுத்திருக்கும் சென்சார் நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று அளக்கும். முழுசாக மிதித்து, ஆர்பிஎம் உச்சத்துக்கு அருகில் வரும்போது அந்த எண், காரின் குதிரைசக்தியில் சுமார் 0.8 பங்கு இருக்க வேண்டும். 100 குதிரைசக்தி என்றால் 80 கிராம். குத்துமதிப்புதான், ஆனாலும் 50 வந்தால் ஏதோ தவறு என்று சொல்ல இது போதும். இந்தச் சென்சார் இல்லாத கார்கள் இன்டேக் குழாயின் அழுத்தத்தை அளக்கும். கடல்மட்டத்தில் இருக்கும் சிங்கப்பூரில், டர்போ இல்லாத காரை முழுசாக மிதித்தால் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டி வர வேண்டும். வெகுவாகக் குறைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் முழுசாகத் திறக்கவில்லை.

3. முழுசாக மிதிக்கும்போது ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட். புகைக்குழாயில் பின்னால் உள்ள சென்சார் பெரும்பாலும் 0 முதல் 1 வோல்ட் வரை காட்டும் வகை. சக்தி வேண்டி மிதிக்கும்போது கணினி பெட்ரோலைத் தாராளமாகத் தரும், அப்போது 0.8 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 0.2க்கு விழுந்தால் பெட்ரோல் வரவில்லை.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் மேலே சொன்ன 'மூச்சு முட்டும்' வகையின் முடிச்சு அவிழும்.

- காற்றளவு சரி, வோல்ட் விழுகிறது: பெட்ரோல் பற்றாக்குறை. பம்ப், ஃபில்டர், மின்கம்பி.
- காற்றளவு குறைவு, திருத்தம் பாரத்தோடு ஏறுகிறது: காற்று வருகிறது, சென்சார் குறைத்துச் சொல்கிறது. சென்சாரில் அழுக்கு.
- காற்றளவு குறைவு, திருத்தம் இயல்பு: காற்று உண்மையிலேயே குறைவு, கணினி அதற்கேற்பச் சரியாகவே பெட்ரோல் தருகிறது. உள்ளே வரும் வழி அடைத்திருக்கிறது, அல்லது வெளியே போகும் வழி.

மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்த காரில் கோட் எதுவுமே வராமலும் இருக்கலாம்.

இந்த அளவெல்லாம் நிறுத்திய காரில் கிடைக்காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் பேட்டையில் தேவையின்றி இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டிருப்பது குற்றமும்கூட. ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் போனில் பதிவு செய்ய, ஏற்றமுள்ள ஒரு சாலையில் வேக வரம்புக்குள் எடுக்க வேண்டும். பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் ஏற்றம் நல்ல இடம். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது.

எதை, எப்படிச் சரிசெய்வது

ஏர் ஃபில்டரைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம். காற்றளவு சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவி, தானாகக் காயவிட வேண்டும். பிரேக் கிளீனர் அடித்தாலோ துணியால் துடைத்தாலோ உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி போய்விடும்.

காயிலைச் சோதிக்கப் பணமே தேவையில்லை. இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்று பி0302 வந்தால், அதன் காயிலை மூன்றாவதோடு மாற்றி மாட்டி ஓட்டுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டர். நான்கு காயிலையும் மொத்தமாக மாற்றச் சொல்லும் பட்டறையில், இந்தச் சோதனை நடந்ததா என்று கேட்பதில் தவறில்லை. இரிடியம் பிளக் பொதுவாக 1,00,000 கிலோமீட்டர் வரை தாங்கும், சாதாரண நிக்கல் பிளக் அதில் பாதிகூட வராது. பழைய கார் வாங்கியவருக்கு எந்த வகை மாட்டியிருக்கிறது என்பதே தெரியாமல் இருக்கலாம்.

பெட்ரோல் பக்கம் வந்தால், அழுத்தமானி மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் ஒரே நேர்மையான வழி. சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் 3 முதல் 4 பார் வரை இருக்கும் அழுத்தம் மிதிக்கும்போதும் நிலைக்க வேண்டும். விழுந்தால் உடனே பம்பை மாற்றிவிடாதீர்கள். பம்பின் மின்முனையில் வோல்ட் பாருங்கள். இன்ஜின் ஓடி பேட்டரி முனையில் 14 வோல்ட் இருக்கும்போது அங்கே 11 வந்தால் குற்றம் ரிலேயிலோ கம்பியிலோ எர்த்திலோ இருக்கிறது. புதுப் பம்பும் அதே பசியோடுதான் ஓடும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தனிக் கதை. தேன்கூடு போன்ற அதன் நுண்குழாய்கள் வழியாகத்தான் புகை முழுவதும் போக வேண்டும். எரியாத பெட்ரோல் அங்கே வந்து எரிந்தால் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி வைத்தால் தெரிந்துவிடும்: 2,500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்கு மேல் போனால் அடைப்பு. ஆனால் கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. மாதக்கணக்கில் மிஸ்ஸிங் அடித்த காயிலோ, ஆயில் குடிக்கும் இன்ஜினோதான் அதைக் கொன்றிருக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால், விலை உயர்ந்த அந்தப் பாகம் இரண்டாவது முறையும் போகும். உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெற்றுக் குழாயாக ஓட்டலாம் என்ற யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம், காரின் புகைச் சோதனையும் தேறாது.

டர்போ கார்கள் சிங்கப்பூரில் பெருகியதற்கு சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) விதியும் ஒரு காரணம். 'ஏ' பிரிவுக்குள் வர பெட்ரோல் கார் 1,600 சிசியையும் 97 கிலோவாட்டையும் தாண்டக் கூடாது. சின்ன இன்ஜினில் டர்போ வைத்தால் இரண்டுக்குள்ளும் அடங்கிவிடும். அவற்றில் பி0299 வந்தால், கோரிய காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்று பொருள். டர்போவையே மாற்றுவதற்கு முன், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களையும் கிளாம்ப்களையும் புகை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். வெடித்த ரப்பர்க் குழாயின் விலை எங்கே, டர்போவின் விலை எங்கே!

பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வின் மேல் கரி படியும். பெட்ரோலில் கலக்கும் சுத்திகரிப்புத் திரவத்தால் அது போகாது, ஏனென்றால் அந்த வால்வைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுரண்ட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சக்தி இல்லையென்றால் சிலிண்டர் அழுத்தம், டைமிங் செயின். அது கத்தி வைக்கும் கட்டம்.

சிங்கப்பூர்க் கணக்கு

'ஜோகூர்ப் பெட்ரோல் போட்டதிலிருந்துதான் இப்படி' என்பது அடிக்கடி விழும் பழி. சிங்கப்பூரில் பதிவான கார்கள் அங்கே ரான் (ஆக்டேன் அளவு) 95 வாங்க அனுமதியில்லை, 97 அல்லது அதற்கு மேற்பட்டதைத்தான் நிரப்ப முடியும். பெரும்பாலான குடும்பக் கார்களுக்கு அது தேவைக்கு அதிகம். ஆக்டேன் என்பது நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் குணம். அதற்குள் கூடுதல் சக்தி ஒளிந்திருக்கவில்லை. தேவைக்குக் குறைந்த ஆக்டேன் போட்டால் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், கார் சற்று மந்தமாகும். குலுங்காது, மூச்சும் முட்டாது. ஆகவே 98க்கு மாறி மிஸ்ஸிங்கைக் குணப்படுத்த முடியாது.

கட்டாயப் பரிசோதனையில் தேறியதும் ஆறுதல் அல்ல. மூன்றாண்டு முதல் பத்தாண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும் நடக்கும் அந்தச் சோதனை, பிரேக், புகை, விளக்கு போன்ற பாதுகாப்பு அம்சங்களுக்கானது. பிக்கப் அதன் கவலை இல்லை.

உத்தரவாதம் பறிபோகுமோ என்ற அச்சத்தில் சிலர் வெளிப்பட்டறையில் அளந்துகூடப் பார்ப்பதில்லை. வெளியே சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் ரத்து என்ற நிபந்தனையைப் போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப் பிறகு கார் விற்பனையாளர்கள் 2017இல் நீக்கினார்கள். வெளியே செய்த வேலையே பழுதுக்குக் காரணம் என்றால் மட்டும் மறுக்கலாம்.

எட்டாவது ஒன்பதாவது ஆண்டில் இருக்கும் காருக்குத்தான் இது உண்மையான பணக் கேள்வி. காயில் என்றால் யோசிக்கவே வேண்டாம். சிவிடி கியர்பாக்ஸ் என்றால், சிஓஇ முடிய எத்தனை மாதம், புதுப்பிக்கும் எண்ணம் உண்டா என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். எது என்று அளக்காமல் அந்த முடிவை எடுப்பது இருட்டில் ஏலம் கேட்பதற்குச் சமம்.

விரைவுச்சாலையிலேயே சக்தி போய்விட்டால் அபாய விளக்கைப் போட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் மீட்புச் சேவை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் பேட்டைவரை இலவசமாக இழுத்துச் செல்லும். கேபிஇ (காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை) போன்ற சுரங்கப் பாதைக்குள் நுழைவதற்கு முன்பே அறிகுறி தெரிந்தால் நுழையாதீர்கள். அந்தச் சுரங்கம் 9 கிலோமீட்டர்.

பட்டறையில் காரை விடும்போது வேலைச் சீட்டில் 'பிக்கப் இல்லை' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். எத்தனை ஆர்பிஎம்மில், சூடான பிறகா குளிர்ந்திருக்கும்போதா, குலுங்கியா முட்டியா, ஏசியை அணைத்தால் மாறுகிறதா என்று எழுதச் சொல்லுங்கள். பழுது பார்த்த பிறகு அதே பாலத்தில், அதே இருவரோடு, அதே அளவு மிதித்து மறுபடி பதிவு செய்யுங்கள். முன்பு 52 கிராம் காட்டிய இடத்தில் இப்போது 80ஐ ஒட்டி வந்தால் பில்லைக் கட்டலாம். இன்னும் 55இல் நின்றால், மாற்றிய பாகத்தில் பழுது இருக்கவில்லை.